கும்பிடு போட்ட புல்வெளி

காட்டோரத்தில் ஒரு குளம். குளத்தை ஒட்டி முழங்கால் உயரத்துக்குப் புல்வெளி. புல்வெளியைத் தாண்டினால் நாச்சிமுத்துவின் ஆட்டுப்பட்டி. பட்டியைச் சுற்றி முள்வேலி, வாசலை அடைக்க மூங்கில் படல், காவலுக்குக் கருவாயன் என்ற நாய்.

கருவாயன் நல்ல நாய்தான். ஓட்டத்தில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. குளத்துக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் கோணவாலன் என்ற நரி குடியிருந்தான். ஆட்டுக்குட்டி என்றால் அவனுக்கு உயிர். ஆனால் கருவாயன் குரைக்கும் சத்தம் கேட்டாலே இடுக்குக்குள் பதுங்கிவிடுவான்.

இத்தனை இருந்தும் கருவாயனிடம் ஒரு குறை. யாராவது கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் போதும், வெண்ணெயாக உருகிவிடுவான்.

பட்டியில் மிளகி என்ற பூனையும் இருந்தாள். வெள்ளை உடம்பில் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு 'ஏன்?' என்று கேட்க வேண்டும். பால் ஏன் பொங்குகிறது என்று பார்க்கப் போய் ஒருமுறை மூக்கைச் சுட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகும் திருந்தவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் கருவாயன் அவளைக் கூப்பிட்டான்.

"மிளகி, என்னோடு வா. ஓர் அதிசயம் காட்டுகிறேன்!"

இருவரும் புல்வெளிக்குப் போனார்கள். கருவாயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெல்ல நடந்தான். புல்லின் நுனிகளில் எள் அளவுக்குச் சின்னச் சின்னப் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அவன் நெருங்க நெருங்க, அவை எல்லாம் முன்னங்கால்களை மேலே தூக்கின!

"பார்த்தாயா? எனக்குக் கும்பிடு போடுகிறார்கள்! தினமும் இப்படித்தான்!"

"ஏன் அண்ணே?"

"ஏனா? இந்தக் காட்டுக்கே நான் காவல்காரன். மரியாதை தெரிந்தவர்கள் கும்பிடுகிறார்கள். உனக்குத்தான் அது தெரியவில்லை!"

மிளகி ஒரு புல் நுனிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

"நீ யார்?"

"உண்ணி, தாயே."

"எதற்குக் காலைத் தூக்குகிறாய்?"

"பெரியவர் வருகிறார் அல்லவா? வந்தாலே கால் தானாக மேலே போய்விடுகிறது!"

உண்ணி பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வாய்க்குள் வைத்துக்கொண்டது. கருவாயனோ கேட்ட பாதியிலேயே பூரித்துப் போனான். நாயாகப் பிறந்தாலும் கும்பிடு யாருக்குத்தான் கசக்கும்?

திரும்பும்போது மிளகி ஒருமுறை பின்னால் பார்த்தாள்.

"அண்ணே, நீ நடந்து வந்த வழியில் புல் நுனி எல்லாம் காலியாக இருக்கிறது. கும்பிட்டவர்கள் எங்கே போனார்கள்?"

"வேலை வெட்டிக்குப் போயிருப்பார்கள். உனக்கு என்ன அதைப் பற்றி?"

சில நாள் கழித்து மிளகிக்கே விடை கிடைத்தது. கருவாயன் படுத்திருந்தான். அவன் காது மடலுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மினுங்கியது. எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே! அவர்கள் இங்கே இருக்கிறார்கள்! காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில்! எள் அளவு இருந்தவன் ஆமணக்கு விதை அளவுக்கு ஊதியிருக்கிறான். என்ன சாப்பிட்டான்?"

"என்னைப் பிரிய மனம் இல்லாமல் கூடவே வந்துவிட்டார்கள். பக்தர்கள் என்றால் அப்படித்தான்!" என்றான் கருவாயன். சொல்லிவிட்டுப் பின்னங்காலால் காதை வறட் வறட்டென்று சொறிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் நாச்சிமுத்து அவனைத் தடவிக்கொடுக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"அட, என்னடா கண்ணு இது! உண்ணி அப்பிக் கெடக்குது!"

ஒன்றைப் பிடுங்கினார். இரண்டாவதைப் பிடுங்குவதற்குள் கருவாயன் உறுமிக்கொண்டு நழுவிவிட்டான். தன் பக்தர்களைக் கொல்ல விடுவானா?

மறுநாள் நாச்சிமுத்து டவுனுக்குப் போய், கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கி வந்தார். மிளகிக்குச் சொட்டு மருந்து. கருவாயனுக்கு மாத்திரை.

"டாக்டரம்மா குடுத்துவுட்டாங்க. மாசம் தவறாம குடுக்கோணுமாம். உண்ணியும் அண்டாது, கொசுக்கடியில நெஞ்சுக்குள்ள புழுவும் ஏறாதாம்" என்று இருவரிடமும் மனிதர்களிடம் பேசுவது போலவே சொன்னார்.

மிளகியைப் பிடித்து, பிடரி மயிரை விலக்கி, மருந்தைச் சொட்டினார். மிளகிக்கு உடனே சந்தேகம். எத்தனையோ இடம் இருக்க, ஏன் பிடரியில்? நக்கிப் பார்க்க நினைத்தாள். தலையைத் திருப்பினாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். தன்னையே சுற்றிச் சுற்றிக் கீழே விழுந்தாள். நாக்கு எட்டவே இல்லை.

"ஓ! நான் நக்கிவிடக் கூடாது என்றுதான் அங்கே!" என்று அவளுக்கு விளங்கியது. ஒரு கேள்விக்கு விடை கிடைத்த மகிழ்ச்சியில் மருந்தின் நாற்றத்தைக்கூட மன்னித்துவிட்டாள்.

கருவாயனுக்கு மாத்திரையைக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தார். களி உள்ளே போனது. மாத்திரை கன்னத்து ஓரத்தில் ஒதுங்கியது. விழுங்குவதா, துப்புவதா என்று அவன் யோசித்துக்கொண்டு நிற்கும்போது, வேலிக்கு வெளியே புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"தலைவரே! உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

கோணவாலன்! எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"யார் சொன்னது? இந்த வேலியைத் தாண்டி வா, என் உடம்பு எப்படி என்று காட்டுகிறேன்!"

"கோபம் வேண்டாம் தலைவரே. மருந்து தந்தாரே என்று கேட்டேன். நோயாளிக்குத்தானே மருந்து? காற்றாய் ஓடுகிற உங்களுக்கு எதற்கு? ஆடுகள் பார்த்தால் என்ன நினைக்கும்? நம் காவல்காரனே சீக்காளி என்று சிரிக்காதா?"

கருவாயன் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தான். அவை பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் அவனுக்கு என்னவோ எல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மாத்திரையைத் துப்பினான்.

அன்றிலிருந்து மாதாமாதம் அதே கதைதான். களி வயிற்றுக்கு, மாத்திரை தொட்டிக்குப் பின்னால். காலித் தட்டைப் பார்த்து நாச்சிமுத்து, "எம்பட சமத்து!" என்று கொஞ்சுவார். கருவாயன் வாலை ஆட்டுவான்.

மிளகி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளிடமிருந்து எதை மறைக்க முடியும்?

"ஏன் அண்ணே துப்பினாய்?"

"எனக்குத்தான் நோய் இல்லையே!"

"எனக்கும்தான் இல்லை. நான் போட்டுக்கொள்ளவில்லையா?"

"நீ பூனை. எலியைத் துரத்துகிறவள். நான் காவல்காரன்!"

மிளகிக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு கேள்வி உள்ளே புகுந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நாச்சிமுத்துவின் கிழிந்த கம்பளி ஒன்று வேலியில் கிடந்தது. ஆடுகளோடு கிடந்து கிடந்து ஆட்டு வாசனை ஏறிய கம்பளி. அதை வாயில் கவ்வி, புல்வெளி நெடுக இழுத்துக்கொண்டு போனாள்.

என்ன ஆச்சரியம்! உண்ணிகள் கம்பளிக்கும் கும்பிடு போட்டன! போட்ட கையோடு அதில் தொற்றி ஏறின.

"ஏய், இது வெறும் கம்பளி! இதை ஏன் கும்பிட்டீர்கள்?"

"கம்பளியா? ஆட்டு வாசனை அடித்ததே, ஏமாந்துவிட்டோமே!" என்று ஓர் உண்ணி அலுத்துக்கொண்டது. "வாசனை வந்தால் காலைத் தூக்குவோம். பட்டதும் பிடித்துக்கொள்வோம். நாயா, நரியா, ஆடா என்று எங்களுக்கு எதற்கு? ரத்தம் இருந்தால் சரி."

"அப்படியானால் அது கும்பிடு இல்லையா?"

"கும்பிடா? அது கொக்கி, தாயே!"

மிளகி ஒரே ஓட்டமாக ஓடி வந்து கருவாயனிடம் சொன்னாள். அவன் கொட்டாவி விட்டான்.

"அது ஐயாவின் கம்பளி அல்லவா? அவருக்கும் மரியாதை செய்கிறார்கள். நல்ல பிள்ளைகள்!"

இதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

பொழுது சாயும் நேரம் கருவாயனின் காதோரம் ஒரு கொசு வந்து 'நொய்ங்' என்று பாடும். அவன் அதையும் தன் புகழ்ப் பாட்டு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். அன்று மிளகி கொசுவை வழிமறித்தாள்.

"கொசு அக்கா, எங்கிருந்து வருகிறீர்கள்?"

"பாறை இடுக்கிலிருந்து. கோணவாலனிடம் முதல் பந்தி. பிறகு குளத்தங்கரையில் சில நாள் கிடந்து முட்டை போட்டேன். இன்று கருவாயனிடம் அடுத்த பந்தி."

"அங்கே சாப்பாடு எப்படி?"

"அதை ஏன் கேட்கிறாய்! அந்த நரியின் ரத்தத்தில் கண்ணுக்கே தெரியாத புழுக்குஞ்சுகள் நெளிகின்றன. என் வயிற்றுக்குள் வந்து கொஞ்சம் வளர்கின்றன. பிறகு என் வாய்ப்பக்கம் வந்து காத்திருக்கின்றன. நான் அடுத்த ஆளைக் கடித்தால் அங்கே இறங்கிக்கொள்கின்றன."

"ஐயோ! அடுத்த ஆள் எங்கள் அண்ணன்!"

"அண்ணனோ, நீயோ, எனக்கு என்ன? ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நான் யாரிடமும் டிக்கெட்கூட வாங்குவதில்லை!"

"இறங்கிய பிறகு என்ன ஆகும்?"

"நெஞ்சுக்குப் போய் நூல் நூலாக நீளுமாம். பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. எனக்கு ஏது அவ்வளவு ஆயுசு!" என்று சொல்லிவிட்டுக் கொசு பறந்தது.

மிளகி கருவாயனிடம் ஓடினாள்.

"அண்ணே, உன் நெஞ்சுக்குள் புழு போகிறதாம்! கொசு சொன்னது!"

"நெஞ்சுக்குள்ளா? எனக்கு வலிக்கவே இல்லையே! வேண்டுமானால் கேட்டுப் பார்."

மிளகி அவன் மார்பில் காதை வைத்தாள். டம், டம் என்று திருத்தமாகக் கேட்டது.

"நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டாள்.

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

அந்தப் புழுவின் குணமே அதுதான். நுழையும்போது கதவைத் தட்டாது. உள்ளே உட்கார்ந்து சாவகாசமாக வளரும்.

மழைக்காலம் போயிற்று. பனிக்காலம் போயிற்று. வெயில் ஏறியது. கருவாயனுக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. புல்வெளியைப் பாதி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. மிளகி மறுபடி காதை வைத்துக் கேட்டாள். இந்த முறை சேற்றில் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது போலக் கேட்டது.

"அண்ணே, பயமாக இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் கிடக்கிற மாத்திரைகளை ஐயாவுக்குக் காட்டிவிடட்டுமா?"

"காட்டிக்கொடுத்தால் உன்னோடு பேசவே மாட்டேன்! என் மானம் போய்விடும்!"

மிளகிக்கு அண்ணன் பேசாமல் போய்விட்டால் தாங்காது. வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான். ஆனால் பெரிய தவறு.

வேலிக்கு வெளியே கோணவாலன் அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான்.

ஒரு காலையில் ஆடுகள் குளத்தங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. நாச்சிமுத்து தொலைவில் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். சிட்டு என்ற வெள்ளைக் குட்டி, மந்தையை விட்டு நாலு எட்டு விலகித் துள்ளியது. அவ்வளவுதான்! கோணவாலன் பாய்ந்து வந்து குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு புல்வெளிக்குள் ஓடினான்!

"திருடன்! திருடன்!" என்று குரைத்துக்கொண்டு கருவாயன் பாய்ந்தான்.

நல்ல நாளாக இருந்திருந்தால் நாலே தாவலில் பிடித்திருப்பான். அன்றோ புல்வெளியின் நடுவில் கால் பின்னியது. கண் இருட்டியது. நெஞ்சு அடைத்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். குட்டி போய்விட்டது என்றே நினைத்தான். அவனுக்கு அழுகை வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. கோணவாலனும் உட்கார்ந்திருந்தான்! நாக்கு தரையைத் தொட்டது. விலா இரண்டும் துருத்தி போல ஏறி இறங்கின. குட்டி அவன் வாயிலிருந்து எப்போதோ நழுவிவிட்டது.

"நீ... ஏன்... நின்றுவிட்டாய்?" என்று கேட்டான் கருவாயன்.

"நீ... ஏன்... துரத்தவில்லை?" என்று கேட்டான் கோணவாலன்.

சிட்டு நடுவில் நின்றுகொண்டு இவனை ஒருமுறை, அவனை ஒருமுறை பார்த்தது. பின்னாலேயே ஓடி வந்த மிளகி கத்தினாள்.

"அடி அசடே! வேடிக்கையா பார்க்கிறாய்? ஓடு!"

சிட்டு மந்தையைப் பார்த்து ஒரே ஓட்டம் பிடித்தது.

அப்போதுதான் கருவாயன் அதைக் கவனித்தான். சுற்றிலும் புல் நுனிகளில் உண்ணிகள் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவனைப் பார்த்துத் தூக்கின. நரியைப் பார்த்தும் தூக்கின!

"அடப்பாவிகளா! இந்தத் திருடனுக்குமா கும்பிடு?"

கோணவாலன் திடுக்கிட்டான்.

"என்ன? உனக்கும் போடுகிறார்களா? இந்தக் காட்டுக்கு நான்தான் ராஜா, அதனால் எனக்கு மட்டும் போடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!"

மிளகிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"கோணவாலா, உனக்கு நோய் எதுவும் இல்லையே?"

"இல்லையே! இந்த... மூச்சு மட்டும்தான்..."

"அண்ணனின் நெஞ்சில் இருக்கிற புழு உன் ரத்தத்திலிருந்து கொசு கொண்டுவந்தது. உன் நெஞ்சில் எத்தனை இருக்கின்றனவோ!"

"நீதானே சொன்னாய், ஓடுகிறவனுக்கு மருந்து எதற்கு என்று?" என்று கருவாயன் ஈனக்குரலில் கேட்டான்.

"சொன்னேன். உன் மூச்சு நின்றால் குட்டிகள் எல்லாம் எனக்கு என்று கணக்குப் போட்டேன். என் மூச்சை நினைத்துப் பார்க்கவில்லை" என்றான் கோணவாலன். உடம்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே பாறைப் பக்கம் போனான்.

நாச்சிமுத்து ஓடி வருவதற்குள் கருவாயன் மயங்கிச் சரிந்துவிட்டான். அவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டிக்கு வந்தார். மிளகி இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் புகுந்து, மாத்திரைகளைக் காலால் உருட்டி உருட்டி அவர் முன்னால் கொண்டுவந்து போட்டாள்.

"அட சாமி! அத்தனையும் இங்கயா கெடக்குது!" என்று அவர் தலையில் கை வைத்தார். "முழுங்குனயான்னு வாயத் தொறந்து பாக்காம உட்டுட்டனே!"

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவாயனின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"நெஞ்சுக்குள்ள புழு இருக்குதுங்க. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும். இப்பவும் சுலபமில்ல. ஊசி போட்டா புழு சாகும். ஆனா செத்த புழு நுரையீரல்ல போயி அடைச்சா உசுருக்கே ஆபத்து. அதனால ஓடக்கூடாது, துள்ளக்கூடாது. மாசக்கணக்குல கட்டியே வெச்சிருங்க."

காற்றாய் ஓடிய கருவாயனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஊசியின் வலியைப் பொறுத்துக்கொண்டான். கயிற்றைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஆடுகள் படலைத் தாண்டி மேயப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிட்டு மட்டும் சாயங்காலம் வந்து அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நாச்சிமுத்து பட்டிக்கும் புல்வெளிக்கும் நடுவே புல்லை அறுத்துத் தரையை வெட்டவெளியாக்கினார். கொசு முட்டையிடாதபடி தொட்டித் தண்ணீரை அடிக்கடி கொட்டி மாற்றினார்.

ஒரு நாள் கருவாயன் கேட்டான்.

"மிளகி, எல்லாம் சரி. ஆனால் நோயே இல்லாதபோது எதற்கு மருந்து என்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை."

"நரியே இல்லாதபோது ஐயா எதற்குப் படலைச் சாத்துகிறார் அண்ணே?"

கருவாயன் படலைப் பார்த்தான். "வந்த பிறகு சாத்தினால் குட்டி ஏது!" என்றான்.

பாறை இடுக்கில் கோணவாலனுக்கு ஊசி போட யாரும் இல்லை. அடுத்த மழைக்கு முன்பே அந்த இடுக்கு காலியாகிவிட்டது. மிளகி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அன்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கெட்டவன்தான், ஆனாலும் பாவம்.

கயிறு அவிழ்ந்த அன்று நாச்சிமுத்து மாத்திரை வைத்துக் களி உருண்டை உருட்டி எடுத்து வந்தார். கருவாயன் அதை விழுங்கினான். பிறகு அவர் கேட்காமலேயே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"எம்பட சமத்து!" என்றார் அவர். இந்த முறை அது உண்மை.

அப்புறம் மிளகியும் அவனும் புல்வெளி ஓரமாக நடந்தார்கள். பழையபடி ஓட அவனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இனி முழுதாக வருமா என்பதும் சந்தேகம்தான். புல் நுனிகளில் உண்ணிகள் வழக்கம் போல முன்னங்கால்களைத் தூக்கின.

"போதும், காலை இறக்குங்கள்!" என்று உறுமிவிட்டு, கருவாயன் வெட்டவெளி வழியாகவே பட்டிக்குத் திரும்பினான்.

நோய் வராதபோதே உடம்புக்குக் காவல் வைப்பவன்தான் புத்திசாலி. வந்த பிறகு வைக்கும் காவல் பாதிக் காவல்தான்.